போஸ் என்றால் எந்த போஸ்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடுதலைப் போராட்டம், இயற்பியல், ஓவியம், கணிதம், ஸ்பீக்கர், சினிமா என்று எந்தத் துறையை எடுத்தாலும் அங்கே ஒரு போஸ் இருக்கிறார். ஒரு போஸ் செய்ததை இன்னொரு போஸின் கணக்கில் எழுதிவிடுவது பள்ளிக் கட்டுரையிலும் நடக்கிறது, வாட்ஸ்அப் தகவல்களிலும் நடக்கிறது. இதில் இழப்பு எப்போதும் புகழ் குறைந்த போஸுக்குத்தான். ஒவ்வொருவருக்கும் உரியது அவரவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற அக்கறையில், திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இவர்கள் எல்லோரும் ஒரே குடும்பமா?

இல்லை. போஸ் என்பது வங்காளத்தில், குறிப்பாகக் காயஸ்தர் சமூகத்தில், மிகப் பரவலான குடும்பப் பெயர். கோஷ், மித்ரா மாதிரி. சுபாஷ் சந்திர போஸ் பிறந்தது ஒடிசாவின் கட்டாக்கில், நந்தலால் பீகாரில், அமர் போஸ் அமெரிக்காவின் பிலடெல்பியாவில். பெயர் ஒன்று என்பதைத் தாண்டி இவர்களுக்குள் குடும்பத் தொடர்பு கிடையாது.

சில இடங்களில் உண்மையான உறவு உண்டு. சுபாஷும் வழக்கறிஞர் சரத் சந்திர போஸும் உடன்பிறந்தவர்கள். வரலாற்று ஆய்வாளர் சுகதா போஸ், சரத்தின் பேரன். ஜகதீஷ் சந்திர போஸின் சகோதரியை மணந்தவர் ஆனந்த மோகன் போஸ். கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் 'ராங்ளர்' தகுதி பெற்ற முதல் இந்தியர் அவர். 1898-இல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்த இயற்பியலாளர் தேவேந்திர மோகன் போஸுக்கு ஜகதீஷ் தாய்மாமா. தந்தை வழியிலும் போஸ், தாய் வழியிலும் போஸ் என்பதால் இந்தக் குடும்ப மரத்தைப் படிக்கும்போது கொஞ்சம் நிதானம் தேவை.

பாசுவும் போஸும் ஒன்றா?

ஒன்றுதான். வங்க மொழியில் ஒரே மாதிரி எழுதப்படும் பெயரை ஆங்கிலத்தில் சிலர் பாசு என்றும் சிலர் போஸ் என்றும் எழுதினார்கள். 1977 முதல் 2000 வரை மேற்கு வங்க முதல்வராக இருந்த ஜோதி பாசுவும் பெயரளவில் ஒரு போஸ்தான்.

'போசான்' துகளுக்குப் பெயர் கொடுத்தது எந்த போஸ்?

சத்யேந்திர நாத் போஸ். ஜகதீஷ் சந்திர போஸ் என்று எழுதியிருந்தால் அது தவறு. ஹிக்ஸ் போசான் கண்டறியப்பட்ட செய்தி 2012-இல் வந்தபோது இந்தக் குழப்பம் மறுபடி நிறையப் பரவியது.

நடந்தது இதுதான். 1924-இல் சத்யேந்திர நாத் டாக்கா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வயது முப்பது, முனைவர் பட்டம் கிடையாது. சூடான பொருளிலிருந்து வரும் ஒளியைப் பற்றி மாக்ஸ் பிளாங்க் தந்த சூத்திரம் சரியான விடை தந்தாலும், அதை வருவித்த முறையில் பழைய இயற்பியலும் புதிய இயற்பியலும் ஒட்டாமல் கலந்து கிடந்தன. போஸ் வேறு வழியில் போனார். ஒளித்துகள்களை 'இது முதலாவது, அது இரண்டாவது' என்று தனித்தனியாக அடையாளம் காண முடியாது என்று வைத்துக்கொண்டு எண்ணினார். எண்ணும் முறை மாறியதும் பிளாங்கின் சூத்திரம் இயல்பாக வந்து நின்றது.

கட்டுரைக்கு ஆங்கில ஆய்விதழில் இடம் கிடைக்கவில்லை. போஸ் அதை நேராக ஐன்ஸ்டைனுக்கே அனுப்பினார். ஐன்ஸ்டைன் தாமே ஜெர்மன் மொழியில் பெயர்த்து அங்கே ஒரு முன்னணி இதழில் வெளியிடச் செய்தார். பிறகு அதே எண்ணும் முறையை அணுக்களுக்கும் நீட்டினார். மிகக் குறைந்த வெப்பநிலையில் அணுக்கள் எல்லாம் ஒரே குவாண்டம் நிலையில் போய்ச் சேரும் என்ற கணிப்பு அதிலிருந்து வந்தது. இதுவே போஸ்-ஐன்ஸ்டைன் செறிபொருள். 1995-இல்தான் அதை ஆய்வகத்தில் உருவாக்க முடிந்தது, செய்தவர்களுக்கு 2001-இல் நோபல் பரிசும் கிடைத்தது. இந்த எண்ணும் முறைக்குக் கட்டுப்படும் துகள்களுக்குப் 'போசான்' என்று பெயர் சூட்டியவர் பால் டிராக். போஸுக்கு நோபல் கிடைக்கவே இல்லை. அவர் 1974-இல் காலமானார்.

அவரைப் பற்றிச் சொல்லும்போது விட்டுவிடக் கூடாத ஒன்று உண்டு. அறிவியலைத் தாய்மொழியில் சொல்ல முடியும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். 1948-இல் வங்க அறிவியல் கழகத்தைத் தொடங்கி, வங்க மொழியில் அறிவியல் இதழ் நடத்தினார். எஸ்ராஜ் என்ற நரம்பிசைக் கருவியை நன்றாக வாசிப்பார். தமிழில் அறிவியல் எழுதுகிற ஒவ்வொருவருக்கும் அவர் முன்னோடி என்றே நான் நினைக்கிறேன்.

தாவரங்களுக்கு உயிர் உண்டு என்று கண்டுபிடித்தவர் ஜகதீஷ் சந்திர போஸ்தானே?

நம் ஊரில் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். தாவரத்துக்கு உயிர் உண்டு என்பது அவர் காலத்துக்கு வெகு முன்பே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவர் செய்தது வேறு, இன்னும் நுட்பமானது. வெப்பம், நச்சு, மின்சாரம், தொடுதல் ஆகியவற்றுக்குத் தாவரம் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதைக் கருவி கொண்டு அளந்தார். 'கிரெஸ்கோகிராஃப்' என்ற அவருடைய கருவி, செடியின் வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டியது. தாவரத்துக்குள் மின் சமிக்ஞைகள் ஓடுகின்றன என்று அவர் வற்புறுத்தியதை அன்று பலர் ஏற்கவில்லை. இன்று அது தாவரவியலில் தீவிரமாக ஆராயப்படும் பகுதி.

அதற்கும் முன்பு அவர் இயற்பியலாளர். 1895-இல் கொல்கத்தாவில் பொதுமக்கள் முன்னிலையில், கம்பியில்லாமல் அலைகளை அனுப்பித் தொலைவில் ஒரு மணியை ஒலிக்கச் செய்தார், வெடிமருந்தைப் பற்றவைத்தார். அவர் கையாண்டவை மில்லிமீட்டர் அளவிலான மிகக் குறுகிய அலைகள். இன்றைய ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசித் தொழில்நுட்பம் பேசுகிற அலைநீளங்களின் வட்டாரம் அது. படிகத்தைக் கொண்டு அலைகளை உணரும் கருவிக்கு 1904-இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார். அதனால் வானொலியைக் கண்டுபிடித்தவர் அவர் ஒருவரே என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. ஹெர்ட்ஸ், லாட்ஜ், போபோவ், மார்க்கோனி என்று பலருடைய வேலை சேர்ந்து உருவானது அது. செய்தியைத் தொலைதூரம் அனுப்பி வணிகமாக்கியவர் மார்க்கோனி. குறுகிய அலைகளை உண்டாக்கவும் உணரவும் கருவிகள் செய்ததில் போஸ் தம் காலத்தைவிட மிகவும் முன்னால் இருந்தார். இதுவே போதுமான பெருமை, கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

சம்பள விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். மாநிலக் கல்லூரியில், அதாவது கொல்கத்தா பிரசிடென்சியில், ஆங்கிலேயப் பேராசிரியருக்குத் தருவதைவிட இந்தியருக்குக் குறைவாகத் தந்தார்கள். மூன்று ஆண்டுகள் அந்தச் சம்பளத்தைத் தொடாமலே அவர் பாடம் நடத்தினார். கடைசியில் நிர்வாகம்தான் இறங்கி வந்தது.

ஜகதீஷுக்கும் சத்யேந்திர நாத்துக்கும் என்ன தொடர்பு?

ஆசிரியர், மாணவர். அதே பிரசிடென்சி கல்லூரியில் சத்யேந்திர நாத்துக்குப் பாடம் எடுத்தவர்களில் ஜகதீஷும் ஒருவர். சுபாஷும் கொஞ்ச காலம் அங்கே படித்தார். ஓட்டன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் தாக்கப்பட்ட விவகாரத்தில் 1916-இல் அங்கிருந்து நீக்கப்பட்டார்.

இந்திய தேசிய ராணுவத்தைத் தொடங்கியவர் நேதாஜியா?

அதற்கு உயிரும் வடிவமும் கொடுத்தவர் அவர். தொடங்கியவர் அவரல்லர். இங்கே இன்னொரு போஸ் வருகிறார்: ராஷ் பிகாரி போஸ்.

டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் எழுத்தராக வேலை பார்த்தபடியே ரகசியமாகப் புரட்சி இயக்கம் நடத்தியவர் ராஷ் பிகாரி. 1912 டிசம்பரில் டெல்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் யானை மேல் ஊர்வலம் போனபோது வீசப்பட்ட குண்டுக்குப் பின்னால் இருந்தவர் இவர். 1915-இல் படைவீரர்களைக் கிளர்ந்தெழச் செய்யும் திட்டம் முறிந்ததும் ஜப்பானுக்குத் தப்பினார். டோக்கியோவில் நாகமுராயா என்ற ரொட்டிக் கடை நடத்திய சோமா குடும்பம் அவரை ஒளித்து வைத்துக் காப்பாற்றியது. அந்த வீட்டு மகள் தோஷிகோவை மணந்து அங்கேயே குடியுரிமையும் பெற்றார். அவர் சொல்லிக்கொடுத்த இந்தியக் கறியை 1927-இல் நாகமுராயா விற்க ஆரம்பித்தது, ஜப்பானில் அது இன்றும் புகழ்பெற்ற பண்டம்.

1942-இல் தென்கிழக்கு ஆசியாவில் இந்திய சுதந்திர லீகை ஒருங்கிணைத்தவர் ராஷ் பிகாரி. மோகன் சிங் தலைமையில் முதல் இந்திய தேசிய ராணுவம் உருவானது அந்தக் காலத்தில்தான். 1943 ஜூலையில் சிங்கப்பூரில் வைத்து, தலைமையைத் தம்மைவிடப் பதினொரு வயது இளையவரான சுபாஷிடம் ஒப்படைத்தார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நாடு திரும்ப முடியாமல் இருந்தவர், கையில் இருந்ததை மனமுவந்து இன்னொருவருக்குக் கொடுத்தார். நம் பாடநூல்களில் அவருக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். 1945 ஜனவரியில், விடுதலையைப் பார்க்காமலே, டோக்கியோவில் இறந்தார்.

குதிராம் போஸ் யார்?

மேதினிப்பூரைச் சேர்ந்தவர். 1908-இல் முசாபர்பூரில் கிங்ஸ்ஃபோர்ட் என்ற நீதிபதியைக் குறிவைத்து வீசிய குண்டில், தவறுதலாக இரண்டு ஆங்கிலேயப் பெண்கள் இறந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று குதிராம் தூக்கிலிடப்பட்டார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது.

அரசியல் சாசனத்தில் ஓவியம் வரைந்த போஸ் யார்?

நந்தலால் போஸ். அவனீந்திரநாத் தாகூரின் மாணவர். சாந்திநிகேதனில் கலாபவனம் என்ற கலைப் பள்ளியின் முதல்வராக நெடுங்காலம் இருந்து ஒரு தலைமுறை ஓவியர்களையே உருவாக்கியவர்.

அவருடைய ஒரு படத்தை நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். கைத்தடியுடன் காந்தி நடந்து போகிற கறுப்பு வெள்ளை உருவம். 1930-இல் உப்புச் சத்தியாகிரகத்தின்போது லினோலியத்தில் செதுக்கி அச்சிட்டது. சில வெள்ளைக் கோடுகள், அவ்வளவுதான், ஆள் நடக்கிறார்!

1938-இல் குஜராத்தின் ஹரிபுராவில் காங்கிரஸ் மாநாடு கூடியது. கிராமத்து மக்கள் பார்த்து ரசிக்கும்படி பந்தலை அலங்கரித்துத் தர வேண்டும் என்று காந்தி நந்தலாலைக் கேட்டார். உழவர், குயவர், தச்சர், மத்தளம் அடிப்பவர், மல்யுத்தக்காரர், குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய் என்று உழைக்கும் மக்களையே அவர் பதாகைகளாகத் தீட்டினார். அந்த மாநாட்டின் தலைவர் சுபாஷ் சந்திர போஸ். ஒரு போஸ் பந்தலை அலங்கரிக்க, இன்னொரு போஸ் அதில் தலைமை தாங்கினார்.

விடுதலைக்குப் பிறகு அரசியல் சாசனத்தின் மூலப் பிரதியை அவரும் சாந்திநிகேதன் மாணவர்களும் அழகுபடுத்தினார்கள். எழுத்து பிரேம் பிகாரி நாராயண் ராய்ஜாதாவின் கையெழுத்து. சிந்துவெளி முத்திரை, புத்தர், அசோகர், அக்பர், ஜான்சி ராணி என்று ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் ஒரு காட்சி வரும். பத்தொன்பதாம் பகுதிக்கு வந்தால், வெளிநாட்டிலிருந்து விடுதலைக்குப் போராடிய சுபாஷ் இருப்பார். ஜகதீஷ் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்துக்கும் நந்தலால் சுவரோவியம் தீட்டியிருக்கிறார்.

பத்ம விபூஷண் பெற்ற போஸ் யார்?

இருவர், அதுவும் ஒரே ஆண்டில். விருது தொடங்கிய 1954-இல் அதைப் பெற்றவர்கள் ஆறு பேர். அதில் சத்யேந்திர நாத்தும் நந்தலாலும் இருந்தார்கள்.

கணிதத்தில் போஸ் யாராவது உண்டா?

உண்டு, ராஜ் சந்திர போஸ். இந்தத் தொகுப்பில் மிகக் குறைவாகப் பேசப்படுகிறவர், நான் அதிகம் பரிந்துரைப்பவரும் இவர்தான்.

1782-இல் ஆய்லர் ஒரு புதிர் போட்டார். ஆறு படைப்பிரிவுகள், ஒவ்வொன்றிலும் ஆறு பதவிகளில் ஒருவர் வீதம் மொத்தம் 36 அதிகாரிகள். ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு நெடுக்கிலும் எல்லாப் படைப்பிரிவும் எல்லாப் பதவியும் ஒரு தடவை மட்டும் வருகிற மாதிரி இவர்களைச் சதுரமாக நிற்க வைக்க முடியுமா? முடியாது என்றார். ஆறுக்கு மட்டுமல்ல, 10, 14, 18 என்று அந்த வரிசையில் போகும் எந்த எண்ணுக்கும் முடியாது என்று ஊகித்தார். ஆறுக்கு அவர் சொன்னது சரி. மற்றவை? ஏறக்குறைய 177 ஆண்டுகள் யாராலும் அசைக்க முடியவில்லை. 1959-இல் ராஜ் சந்திர போஸும் அவருடைய மாணவர் ஸ்ரீகண்டேயும் 22-க்கு அப்படி ஒரு சதுரத்தை உருவாக்கிவிட்டார்கள். பார்க்கர் என்பவர் 10-க்கு உருவாக்கினார். பிறகு மூவரும் சேர்ந்து, ஆறுக்கு மேல் எல்லா எண்ணுக்கும் ஆய்லர் ஊகம் தவறு என்று நிறுவினார்கள். நியூயார்க் டைம்ஸ் அதை முதல் பக்கத்தில் போட்டது.

அதே காலகட்டத்தில் அவரும் ராய்-சௌதுரியும் ஒரு பிழைதிருத்தக் குறிமுறையைக் கண்டுபிடித்தார்கள். அதையே தனியாகக் கண்டடைந்த பிரெஞ்சுக்காரர் ஹோக்கங்கெமின் பெயரையும் சேர்த்து பி.சி.எச். குறிமுறை என்கிறார்கள். முதல் எழுத்து போஸ். அனுப்பிய தகவலில் சில துணுக்குகள் கெட்டுப்போனாலும் எது கெட்டது என்று கணக்குப் போட்டுச் சரிசெய்யும் முறை இது. கடையில் பணம் செலுத்த கியூஆர் கோடு ஸ்கேன் செய்கிறீர்களே, அந்தச் சதுரத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று போனுக்குச் சொல்லும் சிறிய பகுதி பி.சி.எச். முறையில்தான் பதிந்திருக்கிறது.

போஸ் ஸ்பீக்கர் நிறுவனம் நேதாஜி குடும்பத்துடையதா?

இல்லை. நிறுவியவர் அமர் கோபால் போஸ். ஆனால் விடுதலைப் போராட்டத்துக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. தந்தை நோனி கோபால் போஸ் ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்று, பின்பு அமெரிக்காவுக்குத் தப்பிப் போனவர். மகன் பிறந்தது அங்கே, 1929-இல். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குடும்ப வருமானத்துக்காகச் சிறுவன் அமர் ரேடியோ பழுது பார்த்தான்.

பிறகு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம், அங்கேயே பேராசிரியர் வேலை. 1964-இல் நிறுவனம் தொடங்கிய பிறகும் 2001 வரை வகுப்பெடுத்தார். வெளிச் சத்தத்தை எதிர் அலையால் அழிக்கும் ஹெட்போனுக்கான எண்ணம் 1978-இல் ஒரு விமானப் பயணத்தில் உதித்தது. நிறுவனத்தைக் கடைசிவரை பங்குச்சந்தைக்குக் கொண்டுபோகவில்லை. 2011-இல் பெரும்பான்மைப் பங்குகளைத் தாம் படித்த கழகத்துக்கே கொடுத்துவிட்டார். நிர்வாகத்தில் வாக்குரிமை தராத பங்குகள் அவை, ஆனால் ஈவுத்தொகை கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் போகும்.

இந்தப் பெயரில் பெண்கள் இல்லையா?

இருக்கிறார்கள். 1883-இல் காதம்பினி கங்குலியோடு சேர்ந்து கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற சந்திரமுகி பாசு, இந்தியாவின் முதல் இரண்டு பெண் பட்டதாரிகளில் ஒருவர். பிறகு பெத்யூன் கல்லூரியின் முதல்வரானார்.

அபலா போஸின் கதை சென்னையோடு சேர்ந்தது. கொல்கத்தாவில் பெண்களை மருத்துவம் படிக்க அனுமதிக்காத காலம் அது, சென்னை மருத்துவக் கல்லூரியோ 1875-இலேயே பெண்களைச் சேர்த்திருந்தது. அதனால் 1882-இல் உதவித்தொகை பெற்று இங்கே வந்து படித்தார். உடல்நலம் கெட்டு, பட்டம் பெறாமல் திரும்ப வேண்டியதாயிற்று. 1887-இல் ஜகதீஷ் சந்திர போஸை மணந்தார். விஞ்ஞானியின் மனைவி என்று மட்டும் அவரைச் சொல்லி நிறுத்துவது அநியாயம். 1919-இல் பெண் கல்விக்கென ஒரு சங்கம் தொடங்கி, வங்காளக் கிராமங்களில் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் ஏராளமான பள்ளிகள் திறந்தார். கைம்பெண்களுக்கு ஆசிரியப் பயிற்சி கொடுத்து அதே பள்ளிகளில் வேலைக்கும் அமர்த்தினார்.

சினிமாவில் யார் யார்?

நிதின் போஸ். 1935-இல் பின்னணிப் பாடல் முறையைத் திரைக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர், பின்னாளில் தாதாசாகேப் பால்கே விருது பெற்றார். ஒலிப்பதிவு செய்த முகுல் அவருடைய சகோதரர். இயக்குநர் தேவகி போஸும் அதே காலத்தவர்.

நிதினின் தந்தை ஹேமேந்திர மோகன் போஸ், மேலே சொன்ன ஆனந்த மோகனின் அண்ணன் மகன். 'குந்தலீன்' என்ற தலைமுடி எண்ணெய் தயாரித்தவர். தம் எண்ணெயை விளம்பரப்படுத்தச் சிறுகதைப் போட்டி வைத்தார். 1896-இல் பரிசு பெற்ற கதையில், நடுக்கடலில் ஒருவர் தலைமுடி எண்ணெயைக் கொட்டியதும் புயல் அடங்கிவிடுகிறது. எழுதியவர் ஜகதீஷ் சந்திர போஸ்! வங்க மொழியின் தொடக்கக் கால அறிவியல் புனைகதைகளில் அதற்கு முக்கிய இடம் உண்டு.

உளவியல், இலக்கியம்?

அண்ணன் தம்பி இருவர். கிரீந்திரசேகர் போஸ் 1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவி, ஃபிராய்டோடு நீண்ட காலம் கடிதத்தில் வாதிட்டவர். ஃபிராய்டின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு அந்தச் சங்கம் தந்தத்தில் செய்த விஷ்ணு சிலை ஒன்றை அனுப்பியது. அண்ணன் ராஜசேகர் வேதியியலாளர், பெங்கால் கெமிக்கல்ஸ் நிறுவனத்தை நடத்தியவர். பரசுராம் என்ற புனைபெயரில் வங்காளமே சிரித்த கதைகளை எழுதினார், ஓர் அகராதியும் தொகுத்தார்.

தமிழ்நாட்டில் நிறையப் பேருக்கு போஸ் என்று பெயர் இருக்கிறதே?

அது குடும்பப் பெயர் அல்ல, சுபாஷ் மேலுள்ள பற்றால் பிள்ளைக்கு வைத்த பெயர். மதுரை, ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் அதிகம். இதற்குக் காரணங்கள் வலுவானவை. மலேயாத் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். அந்த ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றவர் சென்னையைச் சேர்ந்த லட்சுமி சுவாமிநாதன். சுபாஷ் தொடங்கிய ஃபார்வர்ட் பிளாக் கட்சியைத் தென்மாவட்டங்களில் வளர்த்தவர் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர்.

நாம் 'சந்திரபோஸ்' என்று சேர்த்தே எழுதுவதால் அது முழுப் பெயராகவே ஆகிவிட்டது. இசையமைப்பாளர் சந்திரபோஸ், 2023-இல் ஆஸ்கர் வாங்கிய தெலுங்குப் பாடலாசிரியர் சந்திரபோஸ் எல்லாம் இந்த வகை.

இந்தியாவுக்கு வெளியே போஸ் உண்டா?

ஜெர்மனியில் தனியாக ஒரு போஸ் குடும்பப் பெயர் உண்டு. வங்காளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் விட்டன்பெர்க்கில் பேராசிரியராக இருந்து நிலைமின்னியல் சோதனைகளால் ஐரோப்பாவை வியக்க வைத்த கேயார்க் மத்தியாஸ் போஸ் அப்படிப்பட்டவர். மின்சார வரலாற்றுப் புத்தகத்தில் போஸ் என்று பார்த்தால், அது 1740-களா 1890-களா என்று கவனியுங்கள்.

இனிஷியலை வைத்து எப்படி அடையாளம் காண்பது?

ஜே.சி. என்றால் அலைகளும் தாவரங்களும். எஸ்.என். என்றால் போசான். ஆர்.சி. கணிதம், டி.எம். காஸ்மிக் கதிர். ஏ.எம். என்றால் 1898 சென்னை மாநாட்டுத் தலைவர், ஏ.ஜி. என்றால் ஸ்பீக்கர். 'ஆர்.பி.' என்றிருந்தால் ராஷ் பிகாரி.

எஸ்.சி. போஸ் என்று வந்தால் மட்டும் அவசரப்பட வேண்டாம். சுபாஷ் சந்திரரும் எஸ்.சி., அவர் அண்ணன் சரத் சந்திரரும் எஸ்.சி. இருவரும் ஒரே காலத்தில் காங்கிரசில் இருந்தார்கள், இருவரும் சிறை சென்றார்கள். பழைய நாளிதழ்க் குறிப்பில் அந்த இனிஷியலைப் பார்த்தால் நீதிமன்றம், வழக்கு, வங்காள சட்டசபை ஆகியவை பக்கத்தில் வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால் அது பெரும்பாலும் சரத்.